செவுளில் ஒரு கீறல்

கோழிக்கடையில் நடப்பது நமக்கெல்லாம் மனப்பாடம். கழுத்தில் ஒரு வெட்டு. நீல டிரம்முக்குள் போட்டு மூடிவிடுவார். உள்ளே கொஞ்ச நேரம் படபடவென்று சத்தம். அது அடங்கி, ரத்தமெல்லாம் வடிந்த பிறகுதான் தோலை உரிக்க ஆரம்பிப்பார். எவ்வளவு அவசரமாக வந்த கஸ்டமராக இருந்தாலும், 'ரத்தம் வடிய வேண்டாம், அப்படியே வெட்டிக் கொடுங்க' என்று சொல்லமாட்டார். ஆட்டுக்கும் இதே கதைதான். ரத்தத்தைத் தனியாகப் பாத்திரத்தில் பிடித்து, பொரியலுக்கென்று தனி விலைக்கு விற்கிறார்கள்.

மீனுக்கு மட்டும் ஏன் இந்த மரியாதை இல்லை?

வலையில் விழுந்தது, துள்ளியது, மூச்சு முட்டிச் செத்தது, ஐஸ் பெட்டிக்குள் போனது. அவ்வளவுதான். அதன் உடம்பில் ஓடிய ரத்தம் அதன் உடம்பிலேயே உறைந்து, லாரியேறி, நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. பிறகு நடப்பதைத்தான் எல்லா வீட்டிலும் பார்க்கிறோமே! மண்சட்டியில் போட்டு, கல் உப்பைக் கொட்டி உரசி, மஞ்சள் தடவி, புளித்தண்ணீர் ஊற்றி, முள்ளை ஒட்டிய கருஞ்சிவப்புக் கோட்டைக் கட்டை விரலால் சுரண்டி... 'தண்ணி தெளியுற வரைக்கும் கழுவணும்' என்பது தலைமுறை தலைமுறையாக மாமியார்கள் மருமகள்களுக்குச் சொல்லிவரும் பாடம்.

அந்தத் தண்ணீர் ஏன் சிவப்பாக வருகிறது? படகில் வடிந்திருக்க வேண்டிய ரத்தம் அது. படகில் அரை நிமிடத்தில் முடிந்திருக்கக்கூடிய வேலையை, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து நம் வீட்டுப் பெண்கள் அரை மணி நேரம் செய்துகொண்டிருக்கிறார்கள். அதுவும் பாதிதான் முடிகிறது.

இந்த அரை நிமிட வேலைக்கு ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. அதில் சாம்ராஜ்ஜியம் உண்டு, விமானம் உண்டு, நம்ம ஓசூருக்கும் ஒரு சின்ன வேஷம் உண்டு.

* * *

முதலில் ரத்தம் அப்படி என்னதான் கெடுதல் செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ரத்தத்தில் இரும்புச் சத்து இருக்கிறது. உயிரோடு இருக்கும்வரை பிராண வாயுவைச் சுமக்கிற அதே இரும்பு, உயிர் போன பிறகு மீனிலுள்ள கொழுப்போடு சேர்ந்து அதைச் சிக்கு வாடை அடிக்க வைக்கிறது. நல்ல எண்ணெய்க் கொழுப்புள்ள மீன் என்றால் இந்தக் காரியம் இன்னும் வேகமாக நடக்கும். அடுத்து, ரத்தம் பாக்டீரியாக்களுக்கு நல்ல விருந்து. மூன்றாவது, பார்வை. வெள்ளையாக, கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய சதை, பழுப்பும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும்.

இதோடு இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. மீன் துடித்துத் துடித்துச் சாகும்போது, அதன் தசையிலுள்ள சக்தி முழுக்கச் செலவாகிவிடுகிறது. அந்தச் சக்திப் பொருள்தான் மீன் செத்தபிறகு மெதுவாகச் சிதைந்து, நாக்குக்கு இதமான ருசியாக மாறுகிறது. துடிப்பிலேயே அதைக் கரைத்துவிட்டால் ருசிக்கு முதலே மிச்சமில்லை. கூடவே, சதையில் அமிலம் ஏறி, உடம்பும் சீக்கிரம் விறைத்துப் போகிறது.

சரி, தீர்வு? ரொம்பச் சாதாரணம். மீன் உயிரோடு இருக்கும்போதே தலையில் ஒரே அடி அல்லது மூளையில் ஒரு குத்து. துடிப்பு நின்றுவிடும். ஆனால் இதயம் உடனே நின்றுவிடாது. இன்னும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருக்கும். மீனின் இதயம் எங்கே இருக்கிறது தெரியுமா? தொண்டைக்குக் கீழே, செவுள்களுக்குச் சற்றே பின்னால். அந்த இடத்தில், செவுளை ஒட்டி ஒரு கீறல். மிச்ச ரத்தத்தை இதயமே பம்ப் அடித்து வெளியே தள்ளிவிடும். மீனைத் தண்ணீரில் போட்டு வைத்தால் ரத்தம் உறைந்து வாய் அடைக்காமல் வடியும். பிறகு ஐஸ்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஹென்ரிக் ஹூஸ் என்ற மீன் விஞ்ஞானி, ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்புக்காக 1995-ல் ஒரு கையேடு எழுதினார். மீன் தரம் பற்றிப் படிப்பவர்களுக்கு அது பாடப்புத்தகம் மாதிரி. அதில் இருக்கிற முக்கியமான சங்கதி இது: எங்கே வெட்டுகிறோம், எப்படி வெட்டுகிறோம் என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் வெட்டுகிறோம் என்பதுதான் முக்கியம். உயிரோடு இருக்கும்போது வெட்டினால் ரொம்ப நல்லது. அது முடியாவிட்டாலும் உடம்பு விறைப்பதற்கு முன்னால் வெட்டிவிட வேண்டும். ஏனென்றால் விறைக்கும்போது தசை சுருங்குமே, அந்தச் சுருக்கம்தான் உள்ளே நிற்கும் ரத்தத்தைப் பிழிந்து வெளியேற்றுகிறது. வழி திறந்திருந்தால் வெளியே போகும். வழி இல்லையென்றால் உள்ளேயே தங்கும்.

ஆக, கத்தி யார் கையில் இருக்க வேண்டும்? படகில் இருப்பவர் கையில். நம் ஊரில் அது மீன்கடைக்காரர் கையில் இருக்கிறது. அவர் வெட்டும்போது காலம் கடந்துவிட்டது.

* * *

ஒரு சந்தேகம் வரலாம். ஆட்டுக்கும் கோழிக்கும் ரத்தம் வடிக்கக் கற்றுக்கொண்ட மனிதன், மீனை மட்டும் ஏன் விட்டான்?

ஒரு காரணம் மதங்களில் இருக்கிறது. ரத்தத்தைச் சாப்பிடக்கூடாது என்பதில் யூதர்கள் ரொம்பக் கண்டிப்பு. இறைச்சியைத் தண்ணீரில் ஊறவைத்து, உப்புப் போட்டு, ரத்தத்தை இழுத்த பிறகுதான் சமைப்பார்கள். ஆனால் மீனுக்கு அந்த விதி கிடையாது. இஸ்லாத்திலும் ஆடு மாடு கோழியை முறைப்படி அறுத்தாக வேண்டும். மீனுக்கு அந்த நிபந்தனை இல்லை. கடலிலிருந்து வந்தாலே போதும். ஆட்டின் கழுத்தில் கத்தி வைக்கச் சொல்லிக் கொடுக்க ஒரு மரபு இருந்தது. மீனின் செவுளில் கத்தி வைக்கச் சொல்லிக் கொடுக்க எந்த வேதமும் வரவில்லை.

ஆகவே மீனுக்கு அந்தப் பாடத்தை யார் சொல்லிக் கொடுத்தது? வியாபாரம்!

ஐரோப்பாவின் வடக்குக் கடலில் ஹெர்ரிங் என்று ஒரு மீன். நம்ம மத்திக்குச் சொந்தக்காரன். கூட்டம் கூட்டமாக வரும். கொழுப்பு அதிகம் என்பதால் சீக்கிரமே கெட்டும் போகும். கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பாதி வீண். 14-ஆம் நூற்றாண்டில், இன்றைய நெதர்லாந்திலுள்ள பீர்ஃப்லீட் என்ற சின்ன ஊரைச் சேர்ந்த வில்லெம் பூகெல்சோன் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்ததாக டச்சுக்காரர்கள் சொல்வார்கள். குட்டிக் கத்தியால் செவுளோரம் ஒரு குத்து, ஓர் இழுப்பு. செவுளும் குடலின் ஒரு பகுதியும் வெளியே வந்துவிடும், ரத்தமும் வடிந்துவிடும். கல்லீரலையும் கணையத்தையும் மட்டும் உள்ளே விட்டுவிட வேண்டும். அவற்றிலுள்ள நொதிகள் மீனைப் பக்குவமாக்கும். பிறகு உப்புப் போட்டுப் பீப்பாயில் அடுக்க வேண்டியதுதான்.

இதை அவர்தான் கண்டுபிடித்தாரா, இல்லை அதற்கு முன்பே பால்டிக் பக்கத்தில் இருந்ததா என்று சரித்திர ஆசிரியர்கள் சண்டை போடுகிறார்கள். போடட்டும். டச்சுக்காரர்களுக்கு அவர் ஹீரோ. 1556-ல் சக்ரவர்த்தி ஐந்தாம் சார்லஸ், பாதி ஐரோப்பாவை ஆண்ட மனிதர், பீர்ஃப்லீட்டுக்குப் போய் இந்த மீன்காரரின் கல்லறைக்கு மரியாதை செலுத்திவிட்டு வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அந்தக் கீறலால் என்ன ஆயிற்று? வேலையைக் கரைக்கு வந்து செய்ய வேண்டியதில்லை. கடலிலேயே, கப்பலிலேயே செய்துவிடலாம். டச்சுக்காரர்கள் அதற்கென்றே பெரிய கப்பல்கள் கட்டினார்கள். வாரக்கணக்கில் கடலில் கிடந்து, பிடித்து, ரத்தம் வடித்து, பீப்பாய் நிறைத்துத் திரும்பினார்கள். 'ஆம்ஸ்டர்டாம் ஹெர்ரிங் முள்ளின் மீது கட்டப்பட்ட நகரம்' என்று பழமொழியே உண்டு.

காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் கத்தியைவிடப் பீப்பாய்தான் பிடித்த விஷயம். அந்த மீன்பிடித் தொழிலுக்கென்று ஒரு சபை வைத்திருந்தார்கள். எந்தத் தேதிக்கு முன்னால் பிடிக்கக் கூடாது, எந்த உப்பு, எப்படிப்பட்ட பீப்பாய் என்று எல்லாவற்றுக்கும் சட்டம். பீப்பாயின் மேல் முத்திரை. முத்திரையைப் பார்த்து வாங்குகிறவன் கூடுதல் காசு கொடுத்தான். அந்தக் காசு திரும்பக் கப்பலுக்குப் போனது. கத்தி பிடித்தவனுக்கு, 'இந்த மீனுக்கு மட்டும் செய்யாவிட்டால் என்ன?' என்று நினைக்கக் காரணமே இல்லாமல் போயிற்று.

இதுதான் முடிச்சு. ரத்தம் வடிப்பது ஒரு டெக்னிக். அது வழக்கமாக மாறுவதற்கு வேண்டியது விலை.

* * *

இந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஜப்பானியர்கள். 'இகெஜிமே' என்று பெயர். நான்கு படிகள். கூரான கம்பியால் மூளையில் ஒரு குத்து. செவுளிலும் வாலடியிலும் வெட்டு. ரத்தம் வடியட்டும். பிறகு ஒரு மெல்லிய கம்பியை முதுகெலும்புக்குள் விட்டு, நரம்புத் தண்டையே அழித்துவிடுவார்கள். மூளை செத்தாலும் தண்டு விடுகிற கட்டளையால் தசை துடித்துக்கொண்டிருக்குமே, அதுவும் கூடாதாம். கடைசியாக, ஐஸ் கலந்த தண்ணீர். செத்தோ உள்நாட்டுக் கடலோரம் அகாஷி என்ற ஊரில் பிடிக்கிற சிவப்புச் சங்கரா வகை மீன், இந்தக் கைவேலைக்காகவே பெயர் பெற்றது.

கேட்டால் கொடூரமாகத் தோன்றும். யோசித்துப் பார்த்தால், ஐஸ் பெட்டிக்குள் மணிக்கணக்கில் மூச்சு முட்டிச் சாவதைவிட இது மீனுக்குச் செய்கிற கருணை. மீனுக்கும் நல்லது, தின்கிறவனுக்கும் நல்லது என்று ஒரே வேலை அமைவது அபூர்வம்.

டோக்கியோ ஏலச் சந்தையில் சூரை மீன்களை, அதாவது டூனாக்களை, வாலை நறுக்கி வரிசையாகத் தரையில் கிடத்தியிருப்பார்கள். வியாபாரிகள் டார்ச் லைட்டோடு வந்து, வெட்டுவாயில் வெளிச்சம் அடித்து, சதையைக் கிள்ளித் தேய்த்துப் பார்ப்பார்கள். நிறம், கொழுப்பு, ரத்தம் நின்றிருக்கிறதா, சதை வெந்த மாதிரி வெளுத்திருக்கிறதா... எல்லாம் அங்கே தெரிந்துவிடும். வெந்த மாதிரி என்று சும்மா சொல்லவில்லை. சூரையின் உடம்பு, சுற்றியிருக்கும் தண்ணீரைவிடச் சூடு. தூண்டிலில் மாட்டிப் போராடப் போராட இன்னும் சூடேறும். அந்தச் சூட்டோடு சேர்ந்த அமிலம் சதையைக் கெடுத்துவிடும். ரத்தம் வடிப்பதால் சூடும் கொஞ்சம் வெளியேறுகிறது; குளிரவைப்பது சுலபமாகிறது. 2019 ஜனவரியில் அந்தச் சந்தையின் புத்தாண்டு ஏலத்தில் 278 கிலோ எடையுள்ள ஒரே ஒரு நீலத்துடுப்புச் சூரை 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது. விளம்பரத்துக்காகக் கொடுத்த விலைதான். என்றாலும், படகில் ஒருவர் கத்தியை ஒழுங்காகப் பிடித்ததால்தான் அந்த மீன் ஏலத்துக்கே வந்தது.

விலை வந்தால் வழக்கம் எப்படித் தலைகீழாக மாறும் என்பதற்கு ஓர் உதாரணம். 1960களில் கனடாவின் அட்லாண்டிக் கரையில் இதே நீலத்துடுப்புச் சூரையைப் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட்டுப் பிடிப்பார்கள். பக்கத்தில் நின்று ஒரு போட்டோ. அப்புறம்? குழி தோண்டிப் புதைப்பார்கள். இல்லையென்றால் அடிமாட்டு விலைக்குப் பூனைத் தீனிக்குப் போடுவார்கள். மனிதன் தின்ன லாயக்கில்லாத மீன் என்று பெயர்.

அந்த நேரத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸுக்கு ஒரு தலைவலி. ஜப்பானிலிருந்து கேமராவும் எலெக்ட்ரானிக்ஸும் நிரம்பி அமெரிக்கா போகிற சரக்கு விமானங்கள், திரும்பும்போது காற்றைச் சுமந்துகொண்டு வந்தன. திரும்பி வரச் சரக்கு தேடிய அகிரா ஒகாசாகி என்ற ஊழியரின் கண்ணில் இந்தச் சூரை பட்டது. 1972 ஆகஸ்ட் 14 அன்று, கனடாவில் பிடித்த ஐந்து சூரைகள் டோக்கியோவின் சுகிஜி சந்தையில் ஏலம் போயின. பூனைத் தீனி, ஒரே பருவத்தில் பொன்னாகிவிட்டது! அதன்பிறகு அந்தக் கரையில், பிடித்த கையோடு ரத்தம் வடிப்பதும் குடலெடுப்பதும் குளிர வைப்பதும் தானாக வழக்கத்துக்கு வந்தன. யாரும் விழிப்புணர்வுப் பிரசாரமெல்லாம் செய்யவில்லை.

* * *

இப்போது ஓசூருக்கு வருவோம்.

ஜப்பானியர்களின் இந்தப் பாடத்தைத் தமிழ்நாட்டில் ஓர் ஊர் ஏற்கெனவே படித்துப் பாஸ் செய்திருக்கிறது என்றால் அது ஓசூர்தான். மீனில் இல்லை, மோட்டார் சைக்கிளில்!

1970களில் இங்கே சிப்காட் வந்தது. 1980களில் டி.வி.எஸ்.ஸும் ஜப்பானின் சுசுகியும் கைகோத்து ஓசூரில் மோட்டார் சைக்கிள் தயாரித்தன. 2001-ல் கூட்டணி முடிந்தது. அடுத்த வருஷமே, 2002-ல், டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் டெமிங் விருதை வாங்கியது. 1950-ல் ஜப்பானுக்குப் போய்த் தரம் பற்றி வகுப்பெடுத்த அமெரிக்கர் எட்வர்ட்ஸ் டெமிங்கின் பெயரால் ஜப்பானியர்கள் கொடுக்கிற விருது அது. டெமிங் சொன்ன சாரம் இதுதான்: கடைசியில் நின்று சோதனை போட்டு, குறையைத் திருத்தித் தரத்தைக் கொண்டுவர முடியாது. முதல் கையிலேயே சரியாகச் செய்துவிடு.

அதாவது, செவுளில் கீறு. சட்டியில் கழுவாதே!

எட்டு மணி நேரம் இந்தத் தத்துவப்படி வேலை பார்க்கிற ஊழியர், ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வாங்கப் போகும்போது இந்தத் தத்துவத்தையெல்லாம் ஃபேக்டரி கேட்டிலேயே விட்டுவிட்டுத்தான் போகிறார். வேறு வழி? ஓசூரிலிருந்து எந்தக் கடலுக்குப் போனாலும் ஓர் இரவு லாரிப் பயணம். கோழி வளர்ப்புக்கென்று தனிக் கல்லூரியே இருக்கிற ஊர் இது. ஆனால் கடல் மீன் எப்படிச் செத்தது என்று இங்கே யாருக்குத் தெரியும்?

நம்மவர்களுக்கு மீன் தெரியாது என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். 12-ஆம் நூற்றாண்டில் கர்நாடகத்தை ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் 'மானசோல்லாசம்' என்று ஒரு நூல் எழுதினான். தூண்டில் போடுவதை ராஜாக்களின் பொழுதுபோக்காகவே அதில் விவரித்திருக்கிறான். எந்த மீனுக்கு எந்தத் தீனி, எப்படிச் சமைப்பது என்பதெல்லாம் உண்டு. அறிவு இருந்தது. அது படகோடு சேராமல் அடுப்போடு சேர்ந்துகொண்டது.

இதை மாற்ற ஒருவர் முயன்றார். சர் ஃப்ரெடரிக் நிக்கல்சன். ஐ.சி.எஸ். அதிகாரி. கூட்டுறவு பற்றிப் படித்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். இந்தியக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அஸ்திவாரம் போட்ட அறிக்கை 1890களில் அவர் எழுதியதுதான். அப்புறம் அவர் கவனம் மீன் பக்கம் திரும்பியது. ஜப்பானுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்த நாட்டு மீன்வளம் பற்றிய குறிப்பை 1907-ல் சென்னையில் வெளியிட்டார். அதே வருஷம் சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறை பிறந்தது. இன்றைய தமிழ்நாடு மீன்வளத் துறைக்கு அதுதான் பிறந்த வருஷம். எண்ணூரில் சோதனை நிலையம் வைத்து, மீனைக் கெடாமல் பதப்படுத்தும் வழிகளை அவர் தேடினார். அப்போது ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவில் இருந்தன. இந்த ஊர்களுக்குக் கடல் மீன் என்றாலே கருவாடுதான். கரையில் எப்படி உப்புப் போட்டார்களோ அப்படித்தான் இங்கே சட்டியில் விழும்.

சுதந்திரத்துக்குப் பிறகு இன்னொரு வாய்ப்பு. 1952-ல் நார்வேயோடு ஒப்பந்தம். 1953-ல் கேரளத்தின் நீண்டகரையில் இந்திய–நார்வே திட்டம் தொடங்கியது. காட் மீனைப் பிடித்த உடனே ரத்தம் வடிப்பதைச் சட்டமாகவே வைத்திருக்கிற தேசம் நார்வே. அவர்கள் வழியாக நமக்கு விசைப்படகு வந்தது, ஐஸ் ஃபேக்டரி வந்தது. கத்தி வரவில்லை. ஏன்?

இறால்!

வெளிநாடுகளில் இறாலுக்குத் திடீரென்று கிராக்கி. எல்லாப் படகும் இறால் வலையை மாட்டிக்கொண்டன. இறாலுக்குச் சிவப்பு ரத்தமே கிடையாது. இரும்புக்குப் பதில் செம்பு. வடிக்க வேண்டிய வேலையே இல்லை. ஐஸ் போட்டால் போதும். நம் ஏற்றுமதித் தொழில் ஐஸோடு வளர்ந்து, கத்தியைக் கற்றுக்கொள்ளாமலே பணக்காரனானது இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கும் இந்தியக் கடலுணவு ஏற்றுமதியில் பெரும்பங்கு இறாலுக்குத்தான். இழுவலையில் டன் கணக்கில் வாரிப்போடும்போது, இறாலோடு வருகிற மீன் மேலே வருவதற்குள் நசுங்கிச் செத்திருக்கும். அதற்கு யார் செவுள் கீறிக்கொண்டிருப்பார்கள்?

காலச்சக்கரம் சுற்றி 2017-ல் வந்து நின்றது. பாக் நீரிணையில் இழுவலைப் படகுகளால் ஓயாத பிரச்னை. இலங்கைக் கடற்படை, கைது, படகு பறிமுதல். இதற்கு மாற்றாக, இழுவலைப் படகுகளை ஒப்படைத்துவிட்டு, ஆழ்கடலில் நீளத் தூண்டில் போட்டுச் சூரை பிடிக்கப் போங்கள் என்று ஒரு திட்டம். 2017 ஜூலை 27 அன்று ராமேஸ்வரத்தில் பிரதமர் மோடி பயனாளிகளுக்கு ஆணை கொடுத்துத் தொடங்கி வைத்தார். ஒரு படகு 80 லட்ச ரூபாய். மத்திய அரசு 40 லட்சம், மாநில அரசு 16 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம், மீனவர் கையிலிருந்து 8 லட்சம். மூன்று வருஷத்தில் 2,000 படகுகள் என்பது இலக்கு. அந்த இலக்கின் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை.

காரணங்கள் பல. கடன் சுமை, பழக்கமில்லாத கடல், வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருப்பது. ஆனால் கணக்குப் பார்க்கிறவன் கண்ணுக்கு ஒன்று உறுத்தும். சூரை என்பது மூளையில் குத்து, மார்புத் துடுப்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கீறல், குடலெடுப்பு, ஐஸ் குழம்பு என்று ஒவ்வொன்றாகக் கவனித்தால் சஷிமி விலை. கவனிக்காவிட்டால் டப்பா மீன் விலை. சூரையைச் சரியாகக் குளிரவைக்காவிட்டால் இன்னோர் ஆபத்தும் உண்டு: பாக்டீரியா உண்டாக்கும் ஹிஸ்டமைன் என்ற பொருள். தின்றவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்புத் தடிப்பாக எழும்பும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. 80 லட்சப் படகின் கடன் அடைவதும் அடையாததும் அந்த அரை நிமிட வேலையிலும், அதற்கு விலை வைக்கிற வியாபாரி துறைமுகத்தில் காத்திருக்கிறாரா என்பதிலும் இருக்கிறது. படகைக் கொடுப்பது சுலபம். டார்ச் அடித்துப் பார்க்கிற சந்தையைக் கொடுப்பது கஷ்டம்.

* * *

கடல் நமக்குத் தூரம். அணை பக்கம்தானே?

தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளி அணை, அதற்குக் கீழே கிருஷ்ணகிரி அணை. காமராஜர் காலத்தில் கட்டிய கிருஷ்ணகிரி அணைப் பக்கம் போய் மீன் வறுவல் தின்னாமல் திரும்புகிறவர்கள் குறைவு. சட்டியில் இருப்பது பெரும்பாலும் கட்லா, ரோகு, ஜிலேபி. மூன்றுமே இந்தப் பக்கத்து மீன்கள் இல்லை. ஜிலேபி வெளிநாட்டுக்காரன்; 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. கட்லாவும் ரோகுவும் கங்கைக்காரர்கள். 1957 ஜூலை 10 அன்று ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி ஒரிஸாவில் கெண்டை மீன்களுக்கு ஹார்மோன் ஊசி போட்டுக் குஞ்சு பொரிக்கவைத்தார். அதற்கப்புறம்தான் நாடு முழுக்க ஏரிகளிலும் அணைகளிலும் இந்தக் குஞ்சுகளை விடுவது சுலபமாயிற்று.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அணை மீனில் வருகிற சேற்று வாடைக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை. அது தண்ணீரிலுள்ள சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளின் வேலை. மழை பெய்ததும் மண்வாசனை வருமே, அதே ஆசாமிதான். ரத்தம் வடித்தாலும் அது போகாது. மீனைச் சுத்தமான தண்ணீரில் சில நாள் உயிரோடு விட்டு வைக்க வேண்டும், அல்லது புளியை நம்ப வேண்டும். நம் பாட்டிகளின் புளிக்குழம்பு சும்மா வந்ததில்லை. அதேபோல, ராத்திரி கட்டிய செவுள் வலையில் மாட்டி விடிவதற்குள் செத்துப்போன மீனின் செவுளைக் கீறியும் பெரிதாகப் பயனில்லை.

ஆனால் உயிரோடு கிடைக்கிற மீனில் நம் ஊர்க்காரர்களுக்கு ஏற்கெனவே ஒரு நல்ல பழக்கம் உண்டு. விரால் என்றால் உயிரோடு இருந்தால்தான் வாங்குவார்கள். காற்றைச் சுவாசிக்கிற மீன் என்பதால் அதுவும் சந்தை வரை உயிரோடு வந்து சேரும். இப்போது தொட்டியில் உயிரோடு விட்டு விற்கிற கடைகளில் கட்லாவும் ஜிலேபியும்கூட அப்படிக் கிடைக்கின்றன. கண் முன்னால் அடித்து, வெட்டி, கழுவித் தருகிறார்கள். உயிர் மீன் குழம்பு தனி ருசி என்று சொல்கிறோமே, அதில் பாதி ருசி ரத்தம் வடிவதில் இருக்கிறது. பேர் வைக்காமலே நாம் செய்துவரும் இகெஜிமே இது.

கோழிக்கடையில் காட்டுகிற பொறுமையை இங்கேயும் காட்டினால் அது முழுமையாகும். "அண்ணே, தலையில தட்டினதும் செவுள வெட்டித் தண்ணியில போடுங்க. அஞ்சு நிமிஷம் நிக்கிறேன். அப்புறம் செதிலு எடுக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் தடவை விநோதமாகப் பார்ப்பார். நாலு பேர் கேட்டால் அவரே பலகையில் எழுதி வைப்பார். கூட அஞ்சு, பத்து கேட்பார். கொடுத்துவிடுங்கள்.

ஏனென்றால், அந்தக் காசு இப்போதும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. மீனவர் அரை நிமிடத்தை மிச்சப்படுத்துகிறார். தப்பில்லை, அந்த அரை நிமிடத்துக்கு யாரும் அவருக்குக் காசு கொடுப்பதில்லை. அந்த மிச்சம், ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பவர் கணக்கில் அரை மணி நேரமாக ஏறுகிறது. கூடவே குடம் குடமாய்த் தண்ணீர். அதற்கு எந்தப் பேரேட்டிலும் பதிவு இல்லை என்பதால் மீன் மலிவாகத் தெரிகிறது. டச்சுக்காரன் பீப்பாயில் முத்திரை குத்தி, ஜப்பான்காரன் டார்ச் அடித்து, அந்தச் செலவைப் படகுக்கே திருப்பிக் கொடுத்தான். நாம் கொடுக்க ஆரம்பிக்கும்வரை, தண்ணி தெளியுற வரைக்கும் கழுவ வேண்டியதுதான்.